பதில் பாக்கி

நாவல் எழுதுகிறவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையில் அகப்படுகிற எந்தக் காகிதத்தையும் அவன் சும்மா படித்துவிட்டு வைக்கமாட்டான். இதை எழுதியவன் யார், யாரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினான், எதைச் சொல்லாமல் விட்டான் என்று துருவிக்கொண்டே இருப்பான். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, ஏல நோட்டீஸானாலும் சரி, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். இந்தப் பழக்கத்தினால் நான் ஒரு வருஷ காலமாக ஒரு விசித்திரமான இலக்கியத்தைப் படித்துக்கொண்டு வருகிறேன். சமூக வலைத்தளங்கள் கடையைக் கட்டும்போது வெளியிடுகிற அறிவிப்புகள், அங்கே குடியிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் விடைபெறும் கடிதங்கள், 'எல்லோரும் இன்ன இடத்துக்கு வந்து சேருங்கள்' என்று சிலர் போடுகிற தண்டோரா, இவையெல்லாம் சேர்ந்தது அந்த இலக்கியம்.

இதையெல்லாம் இலக்கியம் என்றால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். முன்பு இதே பத்திரிகையில், இணையத்தில் கூடுகிற கூட்டத்தைக் கூட்டம் என்று சொல்வதே தவறு என்று எழுதியிருந்தேன். ரயில் பெட்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள். ஜங்ஷன் வந்ததும் இறங்கிப் போய்விடுகிறார்கள். இதற்கு ஏன் ஐயா இத்தனை கண்ணீர் என்று கேட்டிருந்தேன். கட்டுரையைப் பலர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு இப்போது எனக்கு உறுத்துகிறது. நான் கேட்ட கேள்வி தப்பு. எப்படித் தப்பு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதை உடனே ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, கடைசியில் சொல்கிறேன்.

கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தைப் பலர் மறந்திருப்பார்கள். 2011 ஜூன் மாதம் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கியது. 2018 அக்டோபர் 8ஆம் தேதி அதை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையினால் 5 லட்சம் பேர் வரையில் அவர்களுடைய விவரங்கள் வெளியே தெரிந்திருக்கக்கூடும் என்பது ஒரு விஷயம். அந்த இடத்துக்கு வந்து புழங்குகிறவர்கள் குறைவு என்பது இன்னொரு விஷயம். முதலில் 2019 ஆகஸ்டு வரையில் கெடு கொடுத்தார்கள். டிசம்பரில் இன்னோர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இந்தத் தடவை 5 கோடியே 25 லட்சம் பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். உடனே கெடுவை ஏப்ரலுக்கு முன்தள்ளினார்கள். 2019 ஏப்ரல் 2ஆம் தேதி அழிக்கிற வேலை ஆரம்பமாயிற்று. ஆக, முதல் அறிவிப்பிலிருந்து ஆறு மாதம்கூட முழுசாக இல்லை.

அந்த முதல் அறிவிப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அங்கே வருகிறவர்களின் வருகைகளில் 90 சதவிகிதம் 5 விநாடிக்கும் குறைவானவை என்று அது சொல்கிறது. கணக்கில் பிழை இருக்காது. அவர்களிடம் இல்லாத கணக்கா! ஆனால் விமர்சகன் என்ற முறையில் அந்த வாக்கியத்தோடு எனக்குச் சண்டை உண்டு. அக்கிரகாரமோ, அங்காடித் தெருவோ, எந்தத் தெருவிலாவது நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரை எண்ணிப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தத் தெருவில் நிற்காமல் கடந்து போகிறவர்கள்தான். அதைக் கொண்டு, இந்தத் தெருவில் யாருக்கும் யாரோடும் உறவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா? மீதிப் பத்துப் பேர் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்பதல்லவா தெருவின் கதை? அறிவிப்பை எழுதியவருக்கு அந்தப் பத்துப் பேர் இருப்பது தெரியும். தெரிந்தும் அவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடம் கொடுக்கவில்லை. நாவலில் இப்படிச் செய்திருந்தால், பாத்திரங்களை ஜனத்தொகைக் கணக்காக்கிவிட்டார் என்று மதிப்புரை எழுதுவோம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆளை வெளியே அனுப்புகிறவர்கள் சாமானைப் பறித்துக்கொள்ளவில்லை. ஒருவர் எழுதியது, போட்ட படங்கள் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போக வசதி செய்து கொடுத்தார்கள். குழுக்களை நடத்தியவர்களுக்கு, பொதுக் குழுவாக இருந்தால், ஒவ்வொரு பதிவையும் எழுதியவர் பெயர், அவர் எழுதிய உரை, படங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் 2019இன் தொடக்கத்தில் சொன்னார்கள். பழைய காலத்து வீட்டுச் சொந்தக்காரர்களில் இத்தனை தாராளம் உள்ளவர்கள் அபூர்வம். ஆனால் பெயர், உரை, படம் என்ற அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. என்னிடம் கேட்டிருந்தால் முதலாவதாக எழுதச் சொல்லியிருப்பேன்: பதில்.

சம்பாஷணை எழுதிப் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு நாவலில் இரண்டு பேர் பேசுகிற அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் பேச்சை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். 'இல்லை.' 'அதற்கென்ன?' 'அவன் அப்படியா சொன்னான்?' 'நான் வரமாட்டேன்.' வார்த்தை ஒன்றும் தொலைந்து போகவில்லை. அத்தனையும் அவர் சொன்னதுதான். இருந்தாலும் அங்கே ஆள் இல்லை. ஒரு மனிதன் யார் என்பது அவன் பேசியதில் பாதியும், யாருக்குப் பதிலாகப் பேசினான் என்பதில் பாதியுமாக இருக்கிறது. சமூக வலைத்தளங்களின் சாமான் கட்டும் ஏற்பாடு மனிதனைத் தன் உடைமைக்குச் சொந்தக்காரனாக மட்டும் பார்க்கிறது. உன் பெட்டி இது, எடுத்துக்கொண்டு போ என்கிறது. அந்த இடத்தை இடமாக்கியது யாருடைய பெட்டியிலும் அடங்காதது. இரண்டு பேருக்கு நடுவில் இருந்தது.

கூகுள் பிளஸ் சாகும் தறுவாயில், 'ஆர்க்கைவ் டீம்' என்ற தொண்டர் கூட்டம் அதைக் காப்பாற்றக் கிளம்பியது. சம்பளம் கிடையாது, அழைப்பும் கிடையாது. எங்கே ஒரு வலைத்தளம் மூடுகிறதென்றால் அங்கே போய் நின்று, அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற இணைய நூலகத்தில் சேர்ப்பார்கள். 2009 அக்டோபரில் யாஹூ, ஜியோசிட்டீஸ் என்ற பழைய குடியிருப்பை இடித்தபோதும் இவர்கள்தான் ஓடினார்கள். நான் இவர்களை மனசாரக் கும்பிடுகிறேன். ஆனால் இவர்களுடைய நல்ல வேலையிலும் நான் சொல்கிற குறை வந்து முட்டுகிறது. கூகுள் பிளஸில் ஒரு பதிவின் கீழ் 500 பதில்கள் வரையில் எழுதலாம். சாதாரணமாகப் பக்கத்தைத் திறந்தால் அவற்றில் ஒரு பகுதிதான் தெரியும். அந்தத் தெரிகிற பகுதியைத்தான் வாரி எடுக்க முடிந்தது. நீண்ட விவாதங்கள் முழுசாகத் தப்பிப் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள். பதிவு பிழைத்தது. பதில் தலை எண்ணிப் பிழைத்தது.

பதில்கள் முழுசாகப் பிழைத்தால் போதுமா என்று கேட்டால், அதுவும் போதாது. ஆர்குட் கதை அதற்குச் சாட்சி. 2004இல் பிறந்து 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்ட ஆர்குட், பிரேசிலிலும் நம் நாட்டிலும் எத்தனை வீட்டுப் பிள்ளைகளை நடுராத்திரி வரையில் விழித்திருக்கச் செய்தது என்பது அந்தக் காலத்துப் பெற்றோர்களுக்குத் தெரியும். ஒருவரைப் பற்றி அவர் சிநேகிதர்கள் நற்சாட்சிப் பத்திரம் எழுதி மாட்டுகிற ஏற்பாடு அதில் இருந்தது. அந்தப் பத்திரங்களில் இருந்த அசட்டுப் பிரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் பொறாமையும் வருகிறது. 2010லேயே பேஸ்புக் இந்தியாவில் அதை முந்திவிட்டது. ஆகவே மூடுவிழா வந்தபோது வீடுகள் ஏற்கனவே காலியாகத்தான் கிடந்தன. பொதுக் குழுக்களில் பேசியதையெல்லாம் ஒரு காட்சிசாலையைப் போலச் சில காலம் திறந்து வைத்திருந்தார்கள். கேள்வியும் இருந்தது, பதிலும் இருந்தது. யாரும் புதிதாக ஒரு வரி சேர்க்க முடியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். 2007இல் ஒருவன் கேட்ட கேள்விக்கு உங்களுக்கு இன்று விடை தெரிந்தாலும் நீங்கள் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

ஆகவே நான் என் வார்த்தையைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கூட்டத்தைக் கூட்டமாக வைத்திருப்பது பதில்கள்கூட அல்ல. பாக்கி இருக்கிற பதில்கள். 'நாளைக்கு வந்து இவனுக்குச் சரியான பதில் கொடுக்கிறேன், பார்' என்று விளக்கை அணைக்கிற மனசு இருக்கிறதே, அதுதான். இந்தப் பாக்கியை வசூலிக்க வழி வைத்துவிட்டுக் கிளம்பினார்களா என்பதை வைத்துத்தான் ஒரு கூட்டம் இடம் பெயர்ந்ததா, சிதறியதா என்று மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, கூகுள் பிளஸிலிருந்து கிளம்பியவர்களில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டவர்கள் ஒரு விளையாட்டுக் கூட்டத்தார். 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு வெளிவந்தது. விளையாட்டு என்கிறேனே தவிர, அது பத்துப் பேர் கூடி வாயாலேயே ஒரு நாவல் எழுதுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். பூட்டு திறக்குமா, பூதம் அடிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இதன் பழைய பாணியில் பற்றுள்ளவர்கள் உலகம் பூராவிலும் இருந்து கூகுள் பிளஸில் வந்து சேர்ந்தார்கள். காரணம் இருந்தது. எழுதுகிற இடமும், பத்துப் பேர் வரையில் முகம் பார்த்துப் பேசுகிற ஏற்பாடும் அங்கே அடுத்தடுத்த அறையில் இருந்தன. 'இன்று ராத்திரி ஆட்டம், யார் வருகிறீர்கள்?' என்று ஒருவர் எழுதினால், முன்பின் பார்த்திராத ஐந்து பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இவர்கள் 2011லேயே தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒருவர் நடத்துகிற ஆட்டத்தில் வளர்ந்த பாத்திரத்தை, இன்னொருவர் நடத்துகிற வேறு உலகத்து ஆட்டத்துக்குள் அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே பட்ட காயம், சேர்த்த பொன், அடைந்த பேர் எல்லாம் கூடவே வரும். இதைப் படித்தபோது நாவலாசிரியனான எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் நாவலில் வருகிற கிழவர் ஒருவர், வேறு ஓர் ஆசிரியர் நாவலுக்குள் போய்க் காபி சாப்பிட்டுவிட்டு, அங்கே கேட்ட வம்போடு திரும்பி வருவதென்றால்! எங்கள் ஜாதியில் ஒருவருக்கொருவர் இருக்கிற பரஸ்பர மரியாதைக்கு அதெல்லாம் நடக்காது. அவர்களுக்கு நடந்தது.

உலகம் விட்டு உலகம் போகப் பாத்திரங்களுக்கு வழி செய்து கொடுத்த அந்த மனிதர்கள், தாங்கள் குடிபெயர வேண்டி வந்தபோது சிதறிப்போனார்கள். சிலர் மீவி என்ற தளத்துக்குப் போனார்கள். சிலர் டிஸ்கார்டுக்கு, சிலர் ரெடிட்டுக்கு, சிலர் தங்கள் பழைய சொந்த வலைப்பக்கங்களுக்குத் திரும்பினார்கள். விளையாட்டு சாகவில்லை, புத்தகங்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் பேச்சின் ஜாதி மாறிவிட்டது. கூகுள் பிளஸில் ஒருவர் நாலு பாரா எழுதுவார். அதன் கீழே மற்றவர்கள் நிதானமாகத் தர்க்கம் செய்வார்கள். மூன்று நாள் கழித்து வந்தவரும் சேர்ந்துகொள்ளலாம். டிஸ்கார்டு சந்தைக்கடைப் பேச்சு. இரைச்சலும் உற்சாகமும் அதிகம். காலையில் கேட்டது மாலையில் எங்கோ மேலே போய்விடும். இரண்டும் பேச்சுத்தான். ஆனால் கடிதம் எழுதிப் பழகினவனைத் தந்தி ஆபீஸில் கொண்டு போய் நிறுத்தி, 'இங்கேயும் எழுதத்தானே சொல்கிறோம்?' என்றால் அவன் என்ன செய்வான்? இடம் மாறும்போது உருவம் மாறுகிறது. உருவம் மாறினால் அதில் சொல்லக்கூடிய விஷயமும் மாறிப்போகிறது. சிறுகதைக்கும் நாவலுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

குடிபெயர்ந்தவர்கள் எழுதிய தண்டோராக்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை. எந்தத் தளத்தில் என்ன வசதி, எது இலவசம், எது விளம்பரம் காட்டாது, எதில் படம் பெரிசாகத் தெரியும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர் வீட்டு ஜன்னல்களை எண்ணிக்கொண்டு வருவதைப் போல. 'நாம் இதுவரை ஒருவரோடொருவர் என்ன செய்துகொண்டிருந்தோம், அதை எங்கே செய்ய முடியும்?' என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்கள் வேறொரு கூட்டம். பிரபலமான நாவல்களையும் தொடர்களையும் எடுத்துக்கொண்டு, அதே பாத்திரங்களை வைத்துச் சொந்தக் கதை எழுதுகிற ரசிகர்கள் மேல்நாடுகளில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். இந்தக் கதைகளில் நல்லது கொஞ்சம், சுமார் நிறைய. அச்சில் வருகிற எங்கள் கதைகளிலும் விகிதாசாரம் அதுதான் என்பதால் நான் குறை சொல்வதற்கில்லை. இவர்கள் 2007 வாக்கில் லைவ்ஜர்னல் என்ற தளத்தில் குடியிருந்தார்கள். அந்த வருஷம் மே மாதம் தளத்தார், ஆபாசத்தை ஒழிக்கிறோம் என்று கிளம்பி, ஏறக்குறைய 500 கணக்குகளை ஒரே மூச்சில் நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தப்பட்டவர்களின் பெயர் நடுவே ஒரு கோடு விழுந்தது. நபக்கோவின் 'லொலீட்டா' நாவலை ஸ்பானிய மொழியில் விவாதித்துக்கொண்டிருந்த ஒரு குழுவின் மேலும் அந்தக் கோடு விழுந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. பிறகு பலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த வீட்டுக்காரன் பெயரின் மேல் கோடு விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அதற்கப்புறம் அங்கே தூக்கம் வருமா?

வாடகை வீட்டில் இருந்து பட்டது போதும், சொந்தமாகக் கட்டிக்கொள்வோம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். அதே 2007இல் ஒரு லாப நோக்கமில்லாத ஸ்தாபனம் தொடங்கினார்கள். 2009 நவம்பரில் 'ஆர்க்கைவ் ஆப் அவர் ஓன்' என்ற இடத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். பெயர் வர்ஜீனியா வுல்ப் 1929இல் எழுதிய 'எ ரூம் ஆப் ஒன்ஸ் ஓன்' என்ற புத்தகத்தை நினைத்து வைத்தது. எழுதுகிற பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னதை, இவர்கள் கணினி வாங்கி, நன்கொடை திரட்டி, நிரல் எழுதத் தெரியாதவர்கள் கற்றுக்கொண்டு எழுதி, நிஜமாகவே செய்து காட்டினார்கள். 2019இல் ஹ்யூகோ பரிசும் வாங்கினார்கள்.

எனக்குப் பரிசு முக்கியமில்லை. அங்கே இருக்கிற ஒரு சின்ன ஏற்பாடு முக்கியம். ஒருவருக்குத் தான் எழுதிய கதை பிடிக்காமல் போகலாம். உத்தியோகம், கல்யாணம் என்று ஏதாவது காரணத்தால் தன் பெயர் அங்கே இருப்பது சங்கடமாகலாம். அப்போது கதையை அழிக்காமல், தன் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அதை அனாதையாக விட்டுப் போகலாம். கதையும் இருக்கும், அதன் கீழே வாசகர்கள் எழுதியதும் இருக்கும். புதிதாக வருகிறவரும் அங்கே ஒரு வரி எழுதலாம். ஆசிரியர் போன பிறகும் பேச்சு நிற்கவேண்டியதில்லை! இதை யோசித்தவர் நிச்சயம் ஒரு வாசகராகத்தான் இருக்க வேண்டும். எழுத்தாளன் மூளையில் இது உதித்திருக்காது. வேறு தளங்கள் மூடப்படும்போது அங்கேயுள்ள கதைகளை எழுதியவர் பெயரோடு கொண்டுவந்து சேர்ப்பதற்கும் இவர்கள் ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

இவர்கள் வெற்றியிலும் குறை உண்டு. கதைகளுக்கு வீடு கிடைத்தது, அரட்டைக்குக் கிடைக்கவில்லை. அரட்டை டம்ப்ளருக்கும் ட்விட்டருக்கும் டிஸ்கார்டுக்கும் இன்றும் பெட்டி தூக்கிக்கொண்டு அலைகிறது. சாப்பாட்டு அறை கட்டினவர்கள் திண்ணை கட்ட மறந்தார்கள் என்று சொல்லலாம். மறந்தார்களோ, திண்ணையைக் கட்ட முடியாது என்று தெரிந்து விட்டார்களோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

நேர்மாறான ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. மாஸ்டடான் என்பது ஒரே கட்டடமல்ல. தனித்தனிக் கணினிகளில் பலர் நடத்துகிற சிறு வீடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற தெரு. 2022 அக்டோபரில் ட்விட்டர் கை மாறிய பிறகு பலர் அங்கே குடியேறினார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறினால், உங்களைப் பின்தொடர்கிறவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். நீங்கள் எழுதினது மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். சாமானைப் போட்டுவிட்டு மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போகிற முறை. இரண்டில் ஒன்றைத்தான் தரமுடியும் என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு: பழைய வீடு உயிரோடு இருக்கும்போதே கிளம்ப வேண்டும். அதை நடத்துகிறவர் ஒருநாள் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டால், யார் யாரைப் பின்தொடர்ந்தார்கள் என்று கேட்க அங்கே ஆளிருக்காது.

இனி என் அசட்டுத்தனம்.

சில வருஷங்களுக்கு முன் நானும் ஒரு வாசகர் குழுவில் இருந்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். அதன் பேரில் எனக்குப் புகாரில்லை. மாதம் ஒரு பழைய தமிழ் நாவலை எடுத்துக்கொண்டு சண்டை போடுவோம். ஐம்பது அறுபது பேர் உறுப்பினர்கள். வாய் திறக்கிறவர்கள் பதினைந்து பேர். அந்தத் தளம் மூடப்போவதாக ஒருநாள் நோட்டீஸ் வந்தது. குழுவை நடத்திவந்த அம்மாள் திருச்சிக்காரர்; தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார்: 'எங்கே போகிறோம் என்று இப்போது தீர்மானிக்க வேண்டாம். உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.' நான் அனுப்பவில்லை. விரோதம் ஒன்றுமில்லை; நாளைக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். அந்த நாட்களில் எனக்கு வேறு முக்கியமான வேலை இருந்தது. குழுவில் நான் எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் இறக்கி, தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பிற்காலத்தில் கட்டுரையாக்கலாம் அல்லவா? அதற்கப்புறம்தான் அந்த ரயில் பெட்டிக் கட்டுரையை எழுதினேன்.

கட்டுரை வெளிவந்த மாதம், பத்திரிகை ஆபீஸ் மார்க்கமாக அந்த அம்மாளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. 'ஸார், ஜங்ஷனில் இறங்கினவர்களில் பதினோரு பேர் ஒரே ஊருக்குத்தான் போகிறோம் என்று பிற்பாடு தெரிந்தது. மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூடுகிறோம். பன்னிரண்டாவது இடம் காலியாக இருக்கிறது' என்று எழுதி, எண்ணையும் கொடுத்திருந்தார்.

அன்று ராத்திரி நான் சேர்த்து வைத்த கோப்பைத் திறந்து பார்த்தேன். அதுவரையில் திறந்ததில்லை. 'இல்லை, அவள் கோழை அல்ல' என்று எழுதியிருக்கிறேன். கோழை என்று சொன்னது யார்? 'இதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் யோசிக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். எதை எதிர்பார்க்கவில்லை? என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்த மனிதர் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. 'மதுரைக்காரரே, நீங்கள் சொன்ன இரண்டாவது காரணத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று ஓர் இடத்தில் இருந்தது. நான் சுலபத்தில் எதையும் ஒப்புக்கொள்கிறவன் அல்ல. அந்த இரண்டாவது காரணம் உண்மையில் பலமானதாகத்தான் இருந்திருக்க வேண்டும். பக்கம் பக்கமாக நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மாள் முதல் வாக்கியத்திலேயே இடைமறித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஸார். மதுரைக்காரர் உங்களை ஒன்று கேட்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது காரணத்தை ஒப்புக்கொண்டீர்களாமே, மூன்றாவதுக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லையாம்."

"மூன்றாவது காரணம் என்ன, அம்மா?"

"எனக்கென்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வந்து அவரையே கேளுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு."